மலையோடை நலமாக இருக்கிறதா? கள மதிப்பீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுவதும் நீரோடும் சிற்றோடைகளுக்கான முறை இது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, மேகமலை, தாமிரபரணியின் தலையோடைகள் என எங்கும் பொருந்தும். ஓடையின் அகலம் 1 முதல் 10 மீட்டருக்குள், ஆழம் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். சமவெளி ஆற்றுக்கோ கோடையில் வற்றிப்போகும் காட்டாற்றுக்கோ இதை அப்படியே எடுத்துப் போட்டால் விடை தப்பாகிவிடும்.

மூன்று பேர் சேர்ந்தால் ஒரு நாளில் இரண்டு இடங்களை முடிக்கலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நீரில் வைக்கும் மீட்டர் அந்த நிமிடத்தைச் சொல்லும். கல்லடியில் வாழும் பூச்சி கடந்த சில மாதங்களைச் சொல்லும். படுகையும் கரையும் பல ஆண்டுகளைச் சொல்லும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில், ஒன்று மற்றொன்றைக் கெடுக்காத வரிசையில் எடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த வரிசையில்தான்.

1. முதலில் கேள்வி, பிறகு இடம்

“இந்த ஓடை எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அளக்க முடியாது. “ஊரின் கழிவுநீர் சேர்ந்த பிறகு ஓடை எவ்வளவு மாறுகிறது?”, “கரையோர மரங்களை வெட்டிய பகுதியில் என்ன குறைந்திருக்கிறது?” என்று கேட்டால் அளக்கலாம். கேள்வி தெளிவானால் இடம் தானாக வந்துவிடும்.

குறைந்தது இரண்டு இடங்கள் வேண்டும். ஒன்று, பாதிப்பு சேரும் புள்ளிக்குக் கீழே. மற்றொன்று ஒப்பீட்டு இடம்: பாதிப்புக்கு மேலே, அல்லது பக்கத்துப் பள்ளத்தாக்கில் காடு குலையாமல் இருக்கும் ஓடையில். ஒப்பீட்டு இடம் இல்லாமல் எடுத்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. 6.2 என்ற பூச்சிச் சராசரி (கணக்கு 8ஆம் பகுதியில்) ஓர் ஓடையில் நல்ல செய்தியாகவும் இன்னொன்றில் கெட்ட செய்தியாகவும் இருக்கலாம்.

இரண்டு இடங்களும் அகலம், சரிவு, உயரம், படுகைக் கல் ஆகியவற்றில் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். மேலே பாறைச் சரிவையும் கீழே மணல் படுகையையும் ஒப்பிட்டால், நீங்கள் காணும் வேறுபாடு மண்ணியலால் வந்தது. மாசைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஒவ்வோர் இடத்திலும் 100 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலம், தடுப்பணை, கால்நடை இறங்கும் துறை இவற்றை ஒட்டி எடுக்காதீர்கள். அவை தங்களைச் சுற்றிய சிறு பகுதியை மட்டும் மாற்றி வைத்திருக்கும். கழிவுநீர் சேர்ந்தவுடன் கீழே எடுப்பதும் தவறு. சிறிது தூரம் வரை அது ஒரு கரையை ஒட்டியே ஓடும். குறுக்காக மூன்று புள்ளிகளில் மின்கடத்துதிறனை, அதாவது நீரில் கரைந்த உப்பைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

2. காலம், அனுமதி, உயிர்ப் பாதுகாப்பு

பெருவெள்ளம் படுகையைப் புரட்டிப் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடும். அவை திரும்பக் குடியேற வாரங்கள் ஆகும். எனவே கடைசி வெள்ளத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் பொறுங்கள். தமிழ்நாட்டு மலைகளில் பல ஓடைகளுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் கிடைப்பதால், ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். இன்னொரு முறை எடுப்பதானால் மே மாத மழைக்கு முன்பு எடுங்கள். நீர் மிகக் குறைந்து, ஓடை மிகவும் திணறும் நேரம் அது.

காப்புக்காட்டுக்குள் மாவட்ட வன அலுவலரின் அனுமதி வேண்டும். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்து அனுமதி பெற வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பூச்சிகளுக்கும் பொருந்தும். விண்ணப்பத்தில் எந்த உயிரினத்தை, எத்தனை, எதற்காக எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம் என்பதால் இதுதான் உண்மையில் முதல் வேலை.

மலையோடையில் வெள்ளம் உங்கள் தலைக்கு மேல் மழை பெய்யாமலே வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஓர் உயிரைக் கொண்டுபோனது. மேலே மலையில் மேகம் கறுத்தால் ஓடையில் இறங்காதீர்கள். நீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ கருவிகளை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். ஒருவர் எப்போதும் கரையில் நின்று மேல்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யானை நடமாடும் இடத்தில் அவரே அதையும் கவனிப்பார்.

காலில் புண் இருந்தால் நீர்ப்புகா பட்டை ஒட்டுங்கள். கழிவுநீர் சேரும் ஓடையில் எலிக்காய்ச்சல் கிருமி வெட்டுக்காயம் வழியே ஏறும்.

3. பையில் இருக்க வேண்டியவை

பூச்சி பிடிக்கும் வலைதான் முக்கியம். அடிப்பக்கம் தட்டையான சட்டம், 0.5 மி.மீ. கண்ணி, அரை மீட்டர் ஆழமுள்ள பை. கொசுவலைத் துணியைத் தைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதன் கண்ணி பெரும்பாலும் 1 மி.மீ.க்கு மேல். இளம் பூச்சிகள் அதில் தப்பிவிடும். ஒரே ஆய்வில் இரண்டு கண்ணி அளவு கலந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

வெள்ளைத் தட்டுகள் மூன்று, மெல்லிய இடுக்கி, அகல வாய்ச் சொட்டுக்குழாய், 10 மடங்கு உருப்பெருக்கி, மூடி இறுகும் புட்டிகள், 50 மீட்டர் நாடா, ஒரு மீட்டர் அளவுகோல், நிறுத்துக் கடிகாரம், பென்சில், தடித்த தாள், ஐஸ் பெட்டி.

பதப்படுத்த 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். எத்தனாலுக்கு மதுவிலக்குத் துறை உரிமம் தேவைப்படும். சருகும் நீருமாகப் புட்டியை நிரப்பினால் ஆல்கஹால் நீர்த்துப்போய்ப் பூச்சி அழுகும். அன்று இரவே வடித்துப் புதிதாக ஊற்றுங்கள்.

மீட்டர்களை முந்தின நாள் இரவு அளவுத்திருத்தம் செய்யுங்கள். பிஎச் மீட்டருக்கு 4, 7 ஆகிய இரு கரைசல்கள். மின்கடத்துதிறனுக்கு (அலகு: செ.மீ.க்கு மைக்ரோசீமன்ஸ்) 1413 கரைசலோடு 84 கரைசலும் வேண்டும். மலையோடையில் எண் பல நேரம் 100க்குக் கீழே இருக்கும். 1413இல் சரியாகக் காட்டும் மீட்டர் அங்கே தவறலாம்.

4. இறங்கும் முன் கரையில் கால் மணி நேரம்

ஓடைக்குள் கால் வைத்ததும் வண்டல் கிளம்பும், மீன் ஒளியும், நுரை கலையும். எனவே முதல் பார்வை கரையிலிருந்தே. நீர் போகும் திசையைப் பார்த்து நின்று இடக்கரை, வலக்கரை என்று எழுதுங்கள். இந்த ஒன்றை முடிவு செய்யாததால் படிவங்களில் இரு கரையும் இடம் மாறிக் கிடப்பது அடிக்கடி நடக்கும். மேல்முனை, நடு, கீழ்முனை மூன்றிலும் மேல்நோக்கி (நீர் வரும் பக்கம்), கீழ்நோக்கி (நீர் போகும் பக்கம்) ஒவ்வொரு படம். ஜிபிஎஸ் எண்ணையும் குறியுங்கள்.

கரையோரக் காட்டின் அகலத்தை மீட்டரில் எழுதுங்கள். நீர்மருது, நாவல், புங்கன் போன்ற ஆற்றோர மரங்கள் எவ்வளவு? உண்ணிச்செடி, யூகலிப்டஸ், வாட்டில் போன்ற வெளிநாட்டு வகைகள் எவ்வளவு? தேயிலைச் செடி விளிம்பு வரை வந்திருக்கிறதா? நண்பகலில் நீர்ப்பரப்பில் எத்தனை சதவீதம் நிழல்? ஒப்பீட்டு இடத்தில் 80 சதவீத நிழலும் இங்கே 10 சதவீதமும் என்றால், வெப்பமும் பாசியும் கூடுவதற்கு அதுவே போதிய காரணம்.

சலசலத்து ஓடும் பகுதி, அமைதியான ஓட்டம், மடு, சருகுத் திட்டு, நீரில் தொங்கும் வேர் என ஒவ்வொன்றும் 100 மீட்டரில் எத்தனை பங்கு என்று மதிப்பிடுங்கள். பூச்சி பிடிக்கும் நேரத்தை இந்தப் பங்கை வைத்தே பிரிக்கப்போகிறோம்.

புதியவர்களைக் குழப்பும் இரண்டு காட்சிகள் உண்டு. ஒன்று நுரை. பழுப்பேறிய, மண்வாசனை வீசும், தொட்டால் கலையும் நுரை பெரும்பாலும் இலை மட்கிய பொருளால் வருவது. வெள்ளையாக, சோப்பு மணத்தோடு நெடுந்தூரம் நிற்கும் நுரை துணி துவைப்பதால் வருவது. மற்றொன்று, கரையோரத் தேக்கத்தில் எண்ணெய் போல மின்னும் படலம். குச்சியால் கிளறுங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா, கவலை வேண்டாம். சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் டீசலோ மசகு எண்ணெயோ.

5. நீர் மாதிரி: கீழிருந்து மேலே

முதலில் பாதிப்பு இடம், பிறகு மேலே உள்ள ஒப்பீட்டு இடம். மேலே தொடங்கினால் நீங்கள் கிளப்பிய கலங்கல் கீழே மிதந்து வந்து உங்கள் மாதிரியிலேயே சேரும். ஒவ்வோர் இடத்திலும் மேல்நோக்கி நின்று, உங்கள் காலுக்கு எதிர்ப்புறமாக, நடு ஓட்டத்தில், மேற்பரப்புக்குக் கீழே பாதி ஆழத்தில் எடுங்கள்.

வெப்பநிலை, மின்கடத்துதிறன், பிஎச், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் என்ற ஐந்தையும் அங்கேயே பாருங்கள். நேரத்தையும் எழுதுங்கள். பாசி மிகுந்த ஓடையில் பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும், விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போகும். பகல் 2 மணிக்கு மட்டும் எடுத்தவர்களுக்கு நோயாளி ஓடையும் நலமாகத் தெரியும். முடிந்தால் விடியுமுன் ஓர் எண் எடுங்கள்.

உப்பு குறைந்த மலைநீரில் பிஎச் மீட்டர் நிலைக்கப் பத்து நிமிடம் கூட ஆகும். பொறுமையின்றி முதல் எண்ணை எழுதுவதுதான் மிகப் பரவலான பிழை.

ஆக்சிஜன் மீட்டர் இல்லாவிட்டால் விங்க்ளர் முறை. 300 மி.லி. பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) புட்டியை நீருக்குள் சாய்த்து, குமிழி இல்லாமல் நிரப்புங்கள். சொட்டுக்குழாயின் நுனி நீருக்குள் இருக்கும்படி 2 மி.லி. மாங்கனீஸ் சல்பேட், பிறகு 2 மி.லி. கார அயோடைடு அசைடு. மூடியைச் சாய்த்து மூடித் தலைகீழாகப் பலமுறை திருப்புங்கள். பழுப்புத் துகள் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் ஏறக்குறைய இல்லை. பாதி படிந்ததும் இன்னொரு முறை திருப்பி, மறுபடி படியவிட்டு, 2 மி.லி. அடர் கந்தக அமிலம் சேருங்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த அமிலத்தைத் தொடாதீர்கள். 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம் பார்க்க (சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்க), வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும்வரை விடுங்கள். செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன்.

எண்ணை உயரத்தோடு சேர்த்துப் படியுங்கள். 20 டிகிரியில் கடல்மட்டத்து நீர் சுமார் 9.1 மி.கி. ஆக்சிஜனோடு நிறைவடையும். 1000 மீட்டர் உயரத்தில் அதுவே ஏறக்குறைய 8.1. அங்கே 7.8 என்பது நலமான எண். சமவெளி அட்டவணையை வைத்துக்கொண்டு குறை காணக் கூடாது.

ஆய்வகத்துக்கு அனுப்பும் புட்டிகளில் கவனம் தேவை. பாஸ்பேட் புட்டியைச் சோப்புப் பொடியால் கழுவினால் சோப்பின் பாஸ்பேட்டே விடையாக வரும். கோலிபார்ம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) புட்டி கிருமிநீக்கம் செய்யப்பட்டது, அதை ஓடைநீரால் அலசக் கூடாது. ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாருங்கள். பிஓடி எண்ணைக் கேட்கும்போது 20 டிகிரியில் 5 நாளா, 27 டிகிரியில் 3 நாளா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்திய ஆய்வகங்களில் இரண்டும் வழக்கில் உண்டு.

6. பூச்சி பிடித்தல்

நீர் மாதிரி முடிந்த பிறகே இது. 100 மீட்டரின் கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். வலையின் தட்டைப் பக்கம் படுகையோடு ஒட்டியிருக்க, வாய் நீர் வரும் திசையை நோக்கி இருக்கட்டும். நீங்கள் வலைக்கு மேல்பக்கம் நின்று, குதிகாலால் ஏறக்குறைய 10 செ.மீ. ஆழத்துக்குக் கல்லைப் புரட்டிக் கிளறுங்கள். கிளம்பும் உயிர்களை ஓட்டமே வலைக்குள் கொண்டுபோகும். மடுவில் ஓட்டம் இல்லை. அங்கே கிளறிவிட்டு, கலங்கிய நீருக்குள் வலையை எட்டு போட்டு வாருங்கள்.

கிளறும் நேரம் மொத்தம் 3 நிமிடம். நடக்கும் நேரம் இதில் சேராது. சலசலப்பு 50 சதவீதம் என்றால் அதில் 90 விநாடி, மடு 20 சதவீதம் என்றால் 36 விநாடி என்று பிரியுங்கள். பூச்சி அதிகம் கிடைக்கிறது என்று சலசலப்பிலேயே நின்றுவிட மனம் வரும். அப்படி ஓர் இடத்திலும், இன்னோர் இடத்தில் ஒழுங்காகவும் செய்தால் வேறுபாடு உங்கள் காலால் வந்தது.

ஒவ்வொரு நிமிடத்துக்கும் வலையைக் காலி செய்யுங்கள். சருகு அடைத்த வலையில் நீர் பின்வாங்கி, பிடித்தவை வெளியே போய்விடும். கடைசியாக ஒரு நிமிடம் பெரிய கற்களைக் கையால் தூக்கிப் பாருங்கள். செதில் போல ஒட்டிக்கிடக்கும் நீர்க்காசு வண்டின் புழுவும், மணலால் கூடு கட்டிக் கல்லில் ஒட்டிய, கேடிஸ் ஈ என்ற பூச்சியின் புழுவும் கிளறலில் வராது. தூக்கிய கல்லை அதே பக்கம் அதே குழியில் வைத்துவிடுங்கள். நண்டு, மீன், தலைப்பிரட்டை எல்லாவற்றையும் உடனே விடுங்கள்.

7. தட்டில் பிரித்தல், குடும்பம் அறிதல்

இரண்டு செ.மீ. நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் சிறிது சிறிதாகக் கொட்டுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். ஓடுபவை தாமாகத் தெரியும். ஆனால் ஓடாதவைதான் தவறவிடப்படுகின்றன. சிறு குச்சி என்று நினைத்தது மெதுவாக நகரும். அது கேடிஸ் புழுவின் கூடு. பெரிதாகவும் நிறமாகவும் இருப்பதை மட்டும் பொறுக்கினால் மதிப்பெண் ஒரு பக்கம் சாயும். தட்டை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தை முழுவதும் பொறுக்கிய பிறகே அடுத்தது.

குடும்பம் வரை அறிந்தால் போதும். இனப்பெயர் தேவையில்லை.

கல் ஈ இளம்பூச்சிக்கு வால் இரண்டு, காலின் நுனியில் நகம் இரண்டு. வயிற்றின் பக்கத்தில் இலை போன்ற செவுள் கிடையாது, நெஞ்சுக்கு அடியில் பஞ்சு போல இருக்கும். நம் மலைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பெர்லிடே குடும்பம். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த ஓட்டம் இல்லாத இடத்தில் இதைப் பார்க்க முடியாது.

மே ஈ இளம்பூச்சிக்குப் பொதுவாக வால் மூன்று, நகம் ஒன்று, வயிற்றின் இருபுறமும் செவுள். ஹெப்டஜீனிடே குடும்பத்தில் சிலவற்றுக்கு இரண்டே வால், அதனால் வாலை மட்டும் எண்ணிக் கல் ஈ என்று எழுதிவிடுவார்கள். நகத்தைப் பாருங்கள். ஹெப்டஜீனிடே தட்டையாக, இரு கண்ணும் தலையின் மேல்புறத்தில் இருக்கும். பீடிடே குட்டி மீன் போல விருட்டென்று நீந்தும். கீனிடேக்கு முதுகில் இரண்டு சதுர மூடிகள், அவற்றில் வண்டல் படிந்து கிடக்கும்.

ஊசித்தட்டான் இளம்பூச்சியின் பின்னால் உள்ள மூன்றும் இலை வடிவச் செவுள்கள். மே ஈயின் நூல் வாலோடு இதைக் குழப்புவது வழக்கம். சந்தேகம் வந்தால் தலைக்கு அடியில் மடிந்திருக்கும் உதட்டைப் பாருங்கள். நீட்டி இரை பிடிக்கும் அந்த உதடு தட்டான் இனத்துக்கே உரியது.

வலை பின்னும் கேடிஸ் புழுவான ஹைட்ராப்சைக்கிடேக்கு நெஞ்சின் மூன்று கண்டத்திலும் கெட்டித் தகடு, வயிற்றுக்கு அடியில் கிளைத்த செவுள், பின்முனையில் இரு கொக்கி.

நத்தையைக் கூர்முனை மேலிருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் வந்து, ஓடு கூராக மெல்லியதாக இருந்தால் ஃபைசிடே. வலப்பக்கம் வந்து, ஓட்டின் வாயை மூடும் தகடு இல்லாவிட்டால் லிம்னேயிடே. தகடு இருந்தால் அது வேறு குடும்பம், இவற்றோடு சேர்க்க வேண்டாம்.

புட்டிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டைப் போடுங்கள். ஆல்கஹாலில் பேனா மை கரைந்துவிடும். மூடிமேல் மட்டும் எழுதினால் மூடி மாறும்.

8. மதிப்பெண் கணக்கு

பிரிட்டனில் 1970களில் உருவான பிஎம்டபிள்யுபி (BMWP) என்ற மதிப்பெண் முறையில், மாசுக்குத் தாங்காத குடும்பத்துக்கு 10, எதையும் தாங்குவதற்கு 1. எத்தனை பூச்சி கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரே முறைதான் மதிப்பெண். கூட்டுத்தொகையைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. நீங்கள் அதிகம் நம்ப வேண்டியது சராசரியை. கூட்டுத்தொகை உங்கள் உழைப்புக்கேற்பக் கூடும், சராசரி அவ்வளவு அசையாது.

ஓர் உதாரணக் கணக்கு. மேலே: ஹெப்டஜீனிடே 10, லெப்டோஃப்ளெபிடே (மே ஈ) 10, பெர்லிடே 10, ஃபிலோபொட்டாமிடே (கேடிஸ்) 8, கோம்ஃபிடே (தட்டான்) 8, கீனிடே 7, ஹைட்ராப்சைக்கிடே 5, சிமுலிடே (கறுப்பு ஈ) 5, எல்மிடே (நீர்வண்டு) 5, பீடிடே 4, கைரோனோமிடே (கொசு போன்ற கடிக்காத ஈ) 2. கூட்டுத்தொகை 74, குடும்பம் 11, சராசரி 6.7.

கீழே: லிபெல்லுலிடே (தட்டான்) 8, சீனாக்ரியோனிடே (ஊசித்தட்டான்) 6, ஹைட்ராப்சைக்கிடே 5, சிமுலிடே 5, பீடிடே 4, லிம்னேயிடே 3, ஃபைசிடே 3, கைரோனோமிடே 2, ஒலிகோகீட்டா புழுக்கள் 1. கூட்டுத்தொகை 37, குடும்பம் 9, சராசரி 4.1.

குடும்ப எண்ணிக்கை இரண்டுதான் குறைந்தது. சராசரியோ சரிந்துவிட்டது. கல் ஈயும் தட்டை மே ஈயும் போய், நத்தையும் புழுவும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. “வகைகள் நிறைய இருக்கின்றன, ஓடை நலம்” என்று சொல்வோர் ஏமாறுவது இங்கேதான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் நீர்த்தர அளவுகோலில் சராசரி 7 முதல் 10 தூய்மை, 6 முதல் 7 சிறு மாசு, 3 முதல் 6 மிதமான மாசு, 2 முதல் 5 கடும் மாசு, 0 முதல் 2 மிகக் கடும் மாசு. நடுவிலுள்ள இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் பன்மை எண்ணும் தேவை. அதற்குப் பூச்சிகளைக் கண்மூடி ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வையுங்கள். முந்தையதிலிருந்து வேறுபட்டது வரும்போதெல்லாம் புதிய தொடர். 50 பூச்சியில் 34 தொடர் என்றால் 34/50, அதாவது 0.68. ஒரே வகை ஆளும் ஓடையில் இது பூஜ்யத்தை நெருங்கும்.

நீர்க்காசு வண்டு போன்ற நம் மலைவாசிகள் பிரிட்டன் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு நீங்களாக மதிப்பெண் போடாதீர்கள். இருந்தது என்று தனியாக எழுதுங்கள், மேலும் கீழும் ஒப்பிட அதுவே உதவும்.

9. படுகையும் ஓட்டமும்

இந்த இரண்டுக்கும் ஓடை முழுவதும் மிதிக்க வேண்டும். அதனால்தான் கடைசி.

வளைந்து வளைந்து நடந்து, ஒவ்வோர் அடிக்கும் கால் கட்டைவிரல் நுனிக்கு முன்னால், கண்ணை வேறெங்கோ வைத்து, கைவிரல் முதலில் தொடும் கல்லை எடுங்கள். அதன் நடு அச்சை அளங்கள். நீளமானதும் வேண்டாம், ஒல்லியானதும் வேண்டாம். இப்படி 100 கல். பார்த்துக்கொண்டே எடுத்தால் கை தானாக உள்ளங்கைக்கு அடங்கும் கல்லைத் தேடும், மணல் கணக்கில் வராது. 2 மி.மீ.க்குக் கீழே எத்தனை என்பதுதான் முக்கிய எண்.

புதைவையும் பாருங்கள். உருளைக்கல்லைத் தூக்கினால் பாசி படிந்த கருத்த பகுதிக்கும் மண்ணுக்குள் இருந்த வெளிறிய பகுதிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். கோடு கல்லின் பாதிக்கு மேலே இருந்தால், பூச்சி ஒளியும் இடைவெளிகள் வண்டலால் அடைபட்டுவிட்டன.

ஓட்டத்துக்கு, நேராக ஓடும் 5 மீட்டரைத் தேர்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிடுங்கள். பந்தைக் காற்று தள்ளும். ஆரஞ்சு பெரும்பகுதி அமிழ்ந்தே போகும். பலமுறை விட்டுச் சராசரி எடுங்கள். அகலத்தில் சம இடைவெளியில் ஐந்து ஆழம் அளந்து, கூட்டி, ஆறால் வகுங்கள். கரையோரம் ஆழம் பூஜ்யம் என்பதால் ஐந்தால் வகுத்தால் ஓட்டம் பெருகிக் காட்டும். அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.20 மீட்டர் என்றால் பரப்பு 0.6. பழம் 12.5 விநாடியில் போனால் வேகம் 0.4. அடியில் ஓட்டம் மெதுவானதால் 0.85ஆல் பெருக்குங்கள். விடை ஏறக்குறைய 0.2 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 200 லிட்டர்.

10. எண்களைச் சேர்த்துப் படித்தல்

மின்கடத்துதிறன் மேலே 40, கீழே 120 என்று ஏறி, பூச்சிச் சராசரியும் விழுந்து, கல்லின் கீழ்ப்புறம் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தால் சாக்கடை. சிவந்த கைரோனோமிடே புழுக்கள் மிகுந்திருப்பதும் அதை உறுதி செய்யும். ஆக்சிஜன் குறைந்த வண்டலில் தாக்குப்பிடிக்க உதவும் ஹீமோகுளோபின்தான் அந்தச் சிவப்பு.

நீர் எண்கள் எல்லாம் சரி, 2 மி.மீ.க்குக் கீழான துகள் மட்டும் பெருகியிருந்தால் மண் அரிப்பு. மேலே சாலை வெட்டியிருக்கிறார்களா, காய்கறிப் பாத்தி சரிவோடு சேர்ந்து இறங்குகிறதா என்று நடந்து பாருங்கள்.

நீரும் சரி, படுகையும் சரி, நிழலும் அப்படியே, ஆனால் பூச்சிகள் மட்டும் இல்லை. இதுதான் மிகக் கவலைக்குரிய சேர்க்கை. பூச்சிக்கொல்லி சில மணி நேரம் ஓடிப்போயிருக்கலாம், நீங்கள் வந்த நாளில் நீரில் அது இருக்காது. மருந்து தெளித்த நாட்களைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். மீன் செத்து மிதந்தது எப்போது என்று ஓடையோரத்தில் வாழ்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தடுப்பணைக்குச் சற்றுக் கீழே ஹைட்ராப்சைக்கிடேயும் சிமுலிடேயும் குவிந்திருப்பது மாசின் அடையாளம் என்று அவசரப்படாதீர்கள். தேக்கத்திலிருந்து வரும் நுண்பாசி அவற்றுக்கு உணவு.

குளிக்கலாமா, குடிக்கலாமா என்ற கேள்விக்குப் பூச்சி பதில் சொல்லாது. வாரியத்தின் வகைப்பாட்டில் குளியலுக்குக் கோலிபார்ம் 100 மி.லி.க்கு 500க்குள், ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையாமல், பிஓடி 3க்குள். பூச்சிச் சராசரி 7 இருந்தும், மேலே ஒரு பட்டி மாடு இறங்கினால் கோலிபார்ம் தாண்டிவிடும். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு தடவை எடுத்ததை வைத்து “ஓடை கெட்டுவிட்டது” என்று அறிவிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே 100 மீட்டர், அதே வலை, முடிந்தால் அதே கால். ஜனவரி எண்ணை மே எண்ணோடு ஒப்பிட்டால் பருவத்தை அளந்ததாகும்.

11. கிளம்பும் முன் கழுவுதல்

வலையின் தையல், செருப்பின் அடி, தட்டின் விளிம்பு மூன்றிலும் நத்தைக் குஞ்சும் முட்டையும் ஒட்டியிருக்கும். ஃபைசிடே ஒன்றே ஒன்று போனாலும் போதும், தன்னைத்தானே கருவுறச் செய்து பெருகும். அன்றைய கடைசி ஓடையின் கரையிலேயே பொறுக்கி எடுத்து, வீட்டில் சோப்புநீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் முழுக்க உலர்த்துங்கள். ஒரே நாளில் இரண்டு தனித்தனி ஓடைகளுக்குப் போவதாக இருந்தால் இரண்டு வலை எடுத்துப்போங்கள்.